பெயர் கேட்காத முன்னோர் பெட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை அடுத்த உம்லாங்கா பக்கத்துப் பெரிய வணிக வளாகம் ஒன்றில் உள்ள ஆன்மிகப் பொருள் கடையில் ‘முன்னோர் பீடம்’ என்று விற்கப்படும் பெட்டியையும், அதனுடன் சேர்த்தே விற்கப்படும் அரைநாள் ‘முன்னோர் சீராக்கல்’ அமர்வையும் பற்றியது இந்த மதிப்புரை. இரண்டும் சேர்ந்து 1,450 ரேண்ட். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இதே போன்ற பெட்டிகள் வேறு வேறு பெயர்களில் இணையத்திலும் கிடைக்கின்றன என்பதால், நான் சொல்ல வந்தது ஒரு கடையோடு முடிவதில்லை. பெட்டியை வாங்கியவள் என் தம்பி மகள். தமிழ் படிக்கத் தெரியாமல் வளர்ந்தவள். தாத்தாவின் அப்பா யார், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று தெரிந்துகொள்ளும் ஏக்கம் உண்மையாகவே உடையவள். அந்த ஏக்கம் நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கும் இருப்பதால், இந்தப் பெட்டி அதற்கு என்ன தருகிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

வேலைப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். கனமான மரப்பெட்டி, மூடி இறுகப் பொருந்துகிறது. உள்ளே மடித்து வைத்திருக்கும் பருத்தித் துணியைத் துவைத்துப் பார்த்தோம், சாயம் போகவில்லை. பித்தளை அகல் நல்ல எடையுள்ளது, எண்ணெய் கசியாமல் திரி நின்று எரிகிறது. நம்முடைய பூசைப் பொருள் கடைகளில் இப்போது கிடைக்கும் மெல்லிய தகட்டு விளக்குகளைவிட இது மேலானது. கையேடும் நல்ல தாளில் அழகாக அச்சிடப்பட்டிருக்கிறது. பொருள்களின் தரத்தைப் பற்றி எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. கையேட்டைப் படித்துக்கொண்டே பொருள்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தபோதுதான் மனம் சங்கடப்படத் தொடங்கியது.

மேலாக இருப்பது வெள்ளை சேஜ் இலைக்கட்டு. சால்வியா அபியானா என்னும் இந்தச் செடி தென் கலிபோர்னியாவிலும் அதை ஒட்டிய பாஹா கலிபோர்னியாவிலும் மட்டுமே இயல்பாக வளர்வது. சூமாஷ், கவீயா, குமேயாய் முதலிய அந்த நிலத்தின் முதற்குடி மக்கள் அதை மருந்தாகவும் சடங்குப் பொருளாகவும் போற்றி வருகிறார்கள். அமெரிக்க அரசு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதற்குடிகளின் சடங்குகள் பலவற்றைத் தண்டனைக்குரியவையாக ஆக்கியது. அவர்களுடைய வழிபாட்டு உரிமையை ஒப்புக்கொள்ளும் சட்டம் 1978இல்தான் வந்தது. அத்தனை காலம் ஒளித்தும் மறைத்தும் காப்பாற்றிய ஒன்றை இன்று உலகம் முழுவதும் நறுமணப் பொருளாக விற்கிறார்கள். விற்பனை பெருகியதால், கலிபோர்னியாவின் நார்த் எட்டிவாண்டா காப்பகம் போன்ற இடங்களில் இச்செடியைத் திருட்டுத்தனமாக வெட்டி மூட்டை மூட்டையாகக் கொண்டுபோகிறவர்கள் பிடிபட்டிருக்கிறார்கள். நம் பெட்டியிலுள்ள கட்டில் ‘கலிபோர்னியா’ என்ற ஒரு சொல்லுக்கு மேல் எதுவும் இல்லை. பயிரிட்டதா, காட்டில் வெட்டியதா, யாருடைய நிலத்தில் வெட்டியது என்று அறிய வழியில்லை. முதற்குடிகள் இதைப் பார்த்துக்கொண்டு வாய்மூடி இருந்ததாகவும் நினைக்க வேண்டியதில்லை. வேறொரு பகுதியைச் சேர்ந்த லகோட்டா, டகோட்டா, நகோட்டா மக்களின் பிரதிநிதிகள், தங்கள் ஆன்மிக மரபைச் சுரண்டுவோர் மீது போர் அறிவிப்பதாகவே 1993இல் ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள். கடுமையான சொல்தான். ஆனால் நிலமும் பிள்ளைகளும் மொழியும் பறிபோன பிறகு, மிஞ்சியிருந்த வழிபாடும் விலைக்குப் போவதைப் பார்த்தவர்களின் சொல் அது.

அடுத்துள்ள பாலோ சாண்டோ மரத்துண்டுகள் தென் அமெரிக்காவின் ஈக்வடார், பெரு நாடுகளின் வறண்ட காடுகளிலிருந்து வருபவை. மரம் தானாக மடிந்து சில ஆண்டுகள் தரையில் கிடந்த பிறகே நறுமணம் முற்றும் என்பது அங்குள்ளவர்களின் அறிவு. கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மூன்றாவது பொருளைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் அது நாம் வாழும் இந்த மண்ணுக்கு உரியது. இம்பெபோ என்னும் ஹெலிக்ரைசம் செடியின் உலர்ந்த கட்டு அது. ஜூலு மக்கள் தங்கள் முன்னோரான அமத்லோசிகளோடு பேச விரும்பும்போது இதன் புகையை எழுப்புகிறார்கள். வீட்டின் பின்பகுதியில் முன்னோருக்கென்று ஒதுக்கிய உம்சாமோ என்னும் இடத்தில், பெரும்பாலும் ஒரு பானை ஓட்டில் இட்டு எரிப்பார்கள். எரிப்பதோடு வேலை முடிவதில்லை. வீட்டின் மூத்தவர் தம் குலத்தின் புகழ்ப்பெயர்களை வரிசையாகச் சொல்லி அழைப்பார், பிறகு வந்த காரியத்தைச் சொல்லுவார்: பிள்ளை பிறந்திருக்கிறது, பெண் கேட்டு வந்திருக்கிறார்கள், வேலை தேடி ஒருவன் ஊருக்குப் புறப்படுகிறான் என்று. பெயர் சொல்லாமல் புகையை மட்டும் எழுப்புவது, யாரையும் கூப்பிடாமல் வாசலில் நின்று கைதட்டுவது போன்றதுதான்.

கையேடு இந்தக் கட்டைப் பற்றி என்ன சொல்கிறது? ‘ஆப்பிரிக்க சேஜ்’ என்று பெயரிட்டு, வெள்ளை சேஜோடு சேர்த்து ஒரே தட்டில் எரித்து, வீட்டின் நான்கு மூலைகளிலும் காட்டினால் பழைய தீய அதிர்வுகள் வெளியேறும் என்கிறது. ஒன்றை விரட்டுவதற்கென்று எரிக்கச் சொல்கிறார்கள். மற்றதோ முதன்மையாக அழைப்பதற்கென்று எரிக்கப்படுவது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கச் சொன்னவர், இம்பெபோ எரியும் வீடு ஒன்றுக்குள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை என்றே நான் கருதுகிறேன். ‘ஜூலு’ என்ற பெயர் கையேட்டில் ஓரிடத்தில்தான் வருகிறது, அதுவும் ‘பழங்காலப் போர்வீரர்கள்’ என்ற அடைமொழியுடன். டர்பனில் நம்மோடு பேருந்தில் வருகிறவர்களை, மருத்துவமனையில் நமக்கு ஊசி போடுகிறவர்களை, நம் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிக்கிறவர்களைப் பழங்காலத்து ஆட்களாக எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது.

கோபத்துக்கு வரலாறும் ஒரு காரணம். இந்த நாட்டில் 1957இல் கொண்டுவரப்பட்ட சூனிய ஒடுக்கச் சட்டம், முன்னோரின் துணையோடு குறி சொல்லி நோய் தீர்ப்பவர்களான சங்கோமாக்கள் குறி பார்த்துச் சொல்வதைக் குற்றமாக்கக்கூடியதாக இருந்தது. மிஷன் பள்ளிகளில் முன்னோர் வழிபாடு இருட்டின் அடையாளம் என்று கற்பித்தார்கள். மரபு மருத்துவர்களுக்குச் சட்ட ஏற்பளிக்கும் சட்டம் 2007இல்தான் நிறைவேறியது. ஒரு சங்கோமா உருவாக உகுத்வாசா என்னும் நீண்ட பயிற்சி தேவை. ஆசிரியரின் வீட்டிலேயே தங்கி, பணிந்து, உணவிலும் நடத்தையிலும் பல கட்டுப்பாடுகளை ஏற்று, குடும்பமும் செலவு செய்து நிறைவேற்றும் பயிற்சி அது. அதன் சாரத்தை எட்டு வரிகளில் சுருக்கி, ‘உங்களுக்குள் இருக்கும் சங்கோமாவை எழுப்புங்கள்’ என்று கையேடு தலைப்பிடுகிறது. ஏழைப் பெண் செய்தபோது குற்றம் என்று சொல்லப்பட்டது, குளிரூட்டிய கடையில் விற்கும்போது ஞானம் ஆகிவிடுகிறது. நம்மவர்களும் இதில் முழுக்கத் தூய்மையானவர்கள் அல்லர். சாம்பிராணிப் புகை சூழ நின்றுகொண்டே பக்கத்து வீட்டு இம்பெபோ புகையை மாந்திரீகம் என்று முகம் சுளித்த குடும்பங்கள் நமக்குள் உண்டு, இன்றும் உண்டு.

பெட்டியின் கீழ்த்தட்டு நமக்குரியது. அகல், கற்பூரம், ஒரு சிறு பொட்டலத்தில் கருப்பு எள். எள்ளுக்குக் கையேடு தரும் விளக்கம், ‘விடுதலை தரும் வேத விதை’ என்பது. முன்னோரின் படத்தின் மேல் தூவி, கடந்த காலத்தை விட்டுவிடுவதாக மூன்று முறை சொல்ல வேண்டுமாம். அமாவாசைத் தர்ப்பணத்தில் எள்ளும் நீரும் இறைப்பவர்கள் செய்வது இதற்கு நேர்மாறானது. அப்பா, தாத்தா, பாட்டனார் என்று மூன்று தலைமுறையை, தாய் வழியையும் சேர்த்து, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து நீர் விடுகிறோம். அவர்களை விட்டுவிடுவதற்காக அதைச் செய்வதில்லை. அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் இன்னும் நம்மேல் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதற்காகச் செய்கிறோம். தர்ப்பணம் செய்யாத குடும்பங்களிலும், டர்பன் தமிழர் வீடுகளில் தீபாவளியை ஒட்டி இறந்தவர்களுக்குப் படைக்கும்போது இதே ஒழுங்குதான். தாத்தாவுக்குப் பிடித்த ஆட்டிறைச்சிக் கறி, ஆயாவுக்குப் பிடித்த புளிச்சோறு, மாமா குடித்த பிராந்தி என்று ஆளுக்கு ஏற்ப இலையில் வைக்கிறோம். அங்கே வந்து உண்ணுகிறவர்களுக்கு முகம் உண்டு, பெயர் உண்டு, சில சமயம் பழைய மனத்தாங்கலும் உண்டு. தமிழகத்தின் பழைய நடுகற்கள் பலவும் இறந்த வீரனின் பெயரையும் அவன் செய்ததையும் கல்லில் பொறித்தே நிற்கின்றன.

கற்பூரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்கிறேன். இப்போது விற்கும் கற்பூரம் பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் செய்யப்படுவது. குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கண்ணைக் கவரும் சிறு கண்ணாடிப் புட்டியில், பூட்டு மூடி இல்லாமல், எச்சரிக்கைச் சீட்டும் இல்லாமல் அதைப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். நிறைய எரித்து, கதவு சன்னல்களை மூடிவிட்டு அமர்ந்து தியானிக்கவும் சொல்கிறார்கள். அது தவறான யோசனை.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் புண்படுத்தியவை உடன் வரும் பட அட்டைகள். ‘உங்கள் முன்னோரின் பெயர் தெரியவில்லையா? கவலை வேண்டாம், உங்களுக்கான ஆன்ம முன்னோரைத் தேர்ந்தெடுங்கள்’ என்று சொல்லி ஒரு கட்டு அட்டைகளைத் தருகிறார்கள். இறகுக் கிரீடம் அணிந்த கிழவர், தோல் கேடயம் ஏந்திய ஜூலு வீரர், சடைமுடி தரித்த இந்திய யோகி, முகத்தில் பச்சை குத்திய மாவோரிப் பெண். கண்ணை மூடி ஒன்றை உருவிக்கொள்ள வேண்டும். என் தம்பி மகளுக்கு வந்தது இறகுக் கிரீடம். கரும்புத் தோட்டத்தில் உழைத்துச் செத்த தன் பாட்டனார் பெயர் தெரியாத ஒரு பெண், பெயரே எழுதப்படாத இன்னொரு நாட்டு மனிதரின் படத்துக்கு முன் விளக்கேற்ற வேண்டும் என்று சொல்லப்படுகிறாள். அந்தக் கிழவருக்கும் பேரப் பிள்ளைகள் இருப்பார்கள், அவரைக் கூப்பிட உரிமை உடையவர்கள் இருப்பார்கள் என்ற நினைவு அட்டையை வரைந்தவருக்கு இல்லை.

பெயர் தெரியாதவர்களுக்கு நம் மரபில் இடம் இல்லாமல் போய்விடவில்லை. தர்ப்பணத்தின் முடிவில், தாயோ தந்தையோ உறவினரோ இல்லாமல் நீர் விட ஒருவரும் அற்றுப்போனவர்கள் எல்லாரும் இந்த நீரால் நிறைவடையட்டும் என்று சொல்லிக் கடைசியாக ஒரு முறை விடுவார்கள். டர்பன் அமைந்துள்ள நேட்டாலுக்கு வந்து வாரிசு இல்லாமல் தோட்டங்களிலேயே இறந்துபோன எத்தனையோ பேருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவு எனக்குத் தெரியவில்லை. அதைச் செய்ய எவருடைய இறகையும் கேடயத்தையும் கடன் வாங்க வேண்டியதில்லை.

அரைநாள் அமர்வு டர்பனை அடுத்த ஹில்கிரெஸ்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. துணைக்கு நானும் சென்றேன். ‘குடும்ப அணிவகுப்பு’ என்னும் முறையில் அதை நடத்தினார்கள். வந்திருந்த அந்நியர்களில் ஒருவர் உங்கள் அப்பாவாகவும் இன்னொருவர் உங்கள் பாட்டியாகவும் நிற்பார்கள். அவர்களுக்குத் தோன்றும் உணர்ச்சியைச் சொல்லுவார்கள். அதிலிருந்து உங்கள் குடும்பத்தின் மறைந்த துயரம் வெளிப்படும் என்பது நம்பிக்கை. நடத்தியவர் இதை ‘ஐரோப்பிய உளவியல் அறிவியல்’ என்று அறிமுகம் செய்தார். இந்த முறையை உருவாக்கியவர் 1925இல் பிறந்து 2019இல் மறைந்த பெர்ட் ஹெலிங்கர் என்னும் ஜெர்மானியர். மரியன்ஹில் சபையின் கத்தோலிக்கத் துறவியாக நேட்டாலுக்கு அனுப்பப்பட்டு, ஜூலு மக்களிடையே நெடுங்காலம் பணியாற்றியவர் அவர். 1971இல் துறவறத்தை விட்டார். பிறகு ஐரோப்பாவில் இந்த முறையை வகுத்தார். பெற்றோருக்கும் இறந்தவர்களுக்கும் ஜூலுக்கள் கொடுத்த மதிப்பு அவர் சிந்தனையில் பதிந்தது என்பது இந்த முறையைக் கற்பிப்பவர்களே சொல்லி வருவது. மரியன்ஹில் மடம் அன்று நாங்கள் உட்கார்ந்திருந்த மண்டபத்திலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள் எட்டிவிடும் தூரத்தில், பைன்டவுனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்தவர்களிடம் ஒருவர் கண்டு கற்றது, ஜெர்மனி போய், புதுப் பெயர் பெற்று, சான்றிதழ் வகுப்பாக மாறி, அதே பள்ளத்தாக்குக்குத் திரும்பி வந்து ரேண்டில் விலை போகிறது. ஜூலுப் பெயர் ஒன்றும் அங்கு உச்சரிக்கப்படவில்லை. மண்டபத்தில் நாற்காலி அடுக்கியவர்களும் தேநீர் கொடுத்தவர்களும் மட்டுமே ஜூலுக்கள்.

அமர்வின் பயனைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிலர் அழுது மனம் இலேசாகி வீடு திரும்பினார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அண்மையில் தாயை இழந்த ஒரு பெண்ணிடம், தாயின் வரிசைக்கு அவள் தலைவணங்காததே அவளுடைய நோய்க்குக் காரணம் என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார்கள். துக்கத்தில் இருப்பவரிடம் அப்படிச் சொல்ல, நடத்தியவருக்கு உளவியல் பயிற்சியோ மரபு வழி அதிகாரமோ இருந்ததாகத் தெரியவில்லை. ஹெலிங்கரின் முறையை ஜெர்மனியிலேயே குடும்பச் சிகிச்சைத் துறையைச் சேர்ந்த பலர் வெளிப்படையாகக் கண்டித்திருக்கிறார்கள். துக்கம் ஆறாதவர்களை இந்த அமர்வுக்கு அனுப்பாதீர்கள் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். நம் வீடுகளில் பதினாறாம் நாள் கருமாதி வரைக்கும், பிறகு ஆண்டு நிறைவு வரைக்கும், இறந்தவர் வீட்டைத் தனியே விடாமல் சுற்றத்தார் வந்து உட்கார்ந்திருப்பார்களே, அந்த உட்கார்ந்திருத்தல் செய்த வேலையை அரைநாள் நாடகம் செய்யாது.

ஒருவர் பண்பாட்டை இன்னொருவர் தொடவே கூடாது என்பதா என் கட்சி? இல்லை. டர்பனுக்குத் தெற்கே உள்ள இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஜூலுப் பெண்கள் வேண்டுதலோடு வருவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். வரிசையில் நின்று, செருப்பைக் கழற்றி, பூசாரியிடம் கேட்டு, அம்மனுக்கு வைத்துவிட்டுப் போகிறார்கள். எவரும் அவர்களைக் களவாடியவர்கள் என்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. அவர்கள் விருந்தாளியாக வந்தார்கள். அம்மனுக்கும் அங்குள்ளவர்களுக்கும் முகம் காட்டினார்கள். அதே காவடியை, கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் உடல் துளைத்தலைக் கலையாகக் கொண்ட சிலர், விரதமும் முருகனும் இல்லாமல், வேல்கள் குத்திய சட்டகமாக மட்டும் எடுத்துக் காட்சிக்கு வைத்தார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காவடி எடுத்த குடும்பத்துக்கு விளக்க வேண்டியதில்லை. நமக்கு அங்கே வலித்தது எதுவோ அதுவே இந்தப் பெட்டியில் ஜூலுக்களுக்கும் கலிபோர்னியாவின் குடிகளுக்கும் நேர்கிறது. கேட்காமல் எடுத்தார்கள், எடுத்ததற்கு எதுவும் தரவில்லை, தவறாகப் பயன்படுத்தினால் பதில் சொல்ல வேண்டிய ஆள் ஒருவரும் இல்லை.

பங்கு தருவதெல்லாம் நடைமுறையில் முடியாத காரியம் என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. தென்னாப்பிரிக்காவில் அந்தச் சாக்கு செல்லாது. பசியை அடக்கும் ஹூடியா செடியைப் பற்றிய அறிவு இந்த மண்ணின் தொல்குடிகளான சான் மக்களுடையது என்று ஒப்புக்கொண்டு, ஆதாயத்தில் அவர்களுக்குப் பங்கு தரும் உடன்பாடு 2003இல் கையெழுத்தானது. ரூய்போஸ் என்னும் மூலிகைத் தேநீர்த் தொழில், பண்ணை விலையில் 1.5 விழுக்காட்டைக் கோய், சான் மக்களுக்குத் தர 2019இல் ஒப்புக்கொண்டது. பெரிய தொழில் ஒன்றால் முடிந்தது, ஒரு மரப்பெட்டியை 1,450 ரேண்டுக்கு விற்பவரால் முடியாதா? கடைக்கு எழுதிக் கேட்டேன்: சேஜ் எங்கே பயிரானது, இம்பெபோவைப் பறித்தவர்களுக்கு என்ன கொடுத்தீர்கள், கையேட்டை எழுதுமுன் எந்த ஜூலு மூத்தவரிடமாவது கேட்டீர்களா என்று. எல்லா ஞானமும் எல்லாருக்கும் பொது என்றும், அன்போடு செய்தால் போதும் என்றும் கனிவான பதில் வந்தது. கேட்ட கேள்வி ஒன்றுக்கும் அதில் விடை இல்லை. ஞானம் எல்லாருக்கும் பொது என்றால் பெட்டிக்கு மட்டும் ஏன் விலை என்று திரும்பக் கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை.

இம்பெபோ உண்மையாகவே தேவைப்படுகிறவர்கள், ஜூலு உறவோ ஜூலு மருமகளோ உள்ள நம் குடும்பங்கள் உட்பட, டர்பனின் வார்விக் பகுதியில் பாதியில் நின்றுபோன நெடுஞ்சாலைப் பாலத்தின் மேல் நடக்கும் மூலிகைச் சந்தைக்குப் போகலாம். பெட்டியில் இருப்பதைப் போலப் பல மடங்கு பெரிய கட்டு, பெட்டி விலையில் மிகச் சிறு பகுதிக்குக் கிடைக்கிறது. பணம் செடியைப் பறித்துச் சுமந்து வந்தவரின் கைக்கோ அவருக்கு மிக நெருக்கமானவரின் கைக்கோ போகிறது. பார்த்து ஒப்பிட்டு எழுதுவதற்காக நான் விலை கேட்டபோது, விற்றுக்கொண்டிருந்த அம்மா எடுத்த எடுப்பில் கேட்டது, யாருக்காக என்பது. உங்கள் வீட்டில் இதை எரிக்கத் தெரிந்தவர் இருக்கிறாரா என்பது அடுத்தது. இல்லை என்றதும், அப்படியானால் உங்கள் பாட்டி எதை எரித்தாரோ அதையே எரியுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார். நான் வாங்காமல் திரும்பினேன். இந்த மதிப்புரைக்காக நான் போன இடங்களில் நேர்மையான வணிகத்தை அங்கேதான் கண்டேன்.

நம் பிள்ளைகளின் ஏக்கத்துக்கு உண்மையான மருந்து வேறிடத்தில், ஏறத்தாழச் செலவில்லாமல் கிடைக்கிறது. 1860 நவம்பர் 16ஆம் நாள் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைக்கு 342 பேருடன் வந்தது முதல் 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக 1,52,184 பேர் நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, ஜில்லா, உடம்பிலுள்ள தழும்பு மச்சம் வரைக்கும் கப்பல் பட்டியலில் எழுதி வைத்தார்கள். ஆளைத் தப்பவிடாமல் பிடித்து வைக்க முதலாளிகளுக்காக எழுதிய கணக்கு அது. இன்று நம் முன்னோரைத் தேடிப் பிடிக்க நமக்கு உதவும் முதன்மையான ஏடும் அதுதான். டர்பன் ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம்; கணினியில் தேடும்படி எழுத்துப்பெயர்த்த பட்டியல்களும் உள்ளன. எழுத்தர்கள் காதில் விழுந்தபடி பெயரை எழுதியதால், முனுசாமியையும் மாரியம்மாளையும் பல எழுத்துக்கூட்டல்களில் தேட வேண்டியிருக்கும். எண் தெரிந்தால் வேலை எளிது. பழைய பிறப்பு, திருமணப் பதிவுகளில் அந்த எண் பெரும்பாலும் இருக்கும். இந்திய வம்சாவளிச் சான்றுக்காகச் சில குடும்பங்கள் ஏற்கனவே இதைத் தேடி எடுத்து வைத்திருக்கின்றன. பெரியப்பாவின் அலமாரியைக் கேட்டுத் திறந்தாலே போதுமானதாக இருக்கலாம்.

பெயர்கள் மறந்துபோனது பிள்ளைகளின் குற்றமன்று. 1950இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டம் கேட்டோ மேனரிலிருந்தும் நகரின் பிற பகுதிகளிலிருந்தும் நம்மைப் பெயர்த்துச் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் போட்டபோது, பக்கத்து வீட்டுப் பாட்டிகளும், தமிழ்ப் பள்ளிகளும், கதை சொல்லும் திண்ணைகளும் சிதறிப்போயின. இந்தப் பெட்டி விற்பது அந்தச் சிதறலின் மேல்தான். குடும்ப மரம் வரையக் கையேட்டில் ஒரு பக்கம் விட்டிருக்கிறார்கள், அந்த ஒரு பக்கத்துக்காக நான் நன்றி சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அதன் வெற்றுக் கட்டங்களைப் பார்த்துத்தான் என் தம்பி மகள், “அத்தை, தாத்தாவோட அப்பா பேரு என்ன?” என்று என்னிடம் வந்து கேட்டாள். அந்தத் தாத்தாவுடைய அப்பாவின் திருமணப் பதிவிலிருந்து எண் கிடைத்தது. எண்ணிலிருந்து கப்பலும், வட ஆற்காட்டில் ஓர் ஊரும், அவருடைய தந்தையின் பெயரும் கிடைத்தன. இடது முழங்காலில் தழும்பு என்றும் எழுதியிருந்தது. அவள் அதை மீண்டும் மீண்டும் படித்தாள்.

ஆகவே, வாங்க நினைப்பவர்களுக்கு: பெட்டி வேண்டாம், அமர்வு நிச்சயமாக வேண்டாம். அகலும் எள்ளும் சாட்ஸ்வர்த்திலோ விக்டோரியா தெருச் சந்தையிலோ வாங்கிக்கொள்ளலாம். தர்ப்பணத்தின் முறை தெரியாவிட்டால் கோயிலில் கேட்டால் சொல்லித் தருவார்கள். ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் விளக்கையும் துணியையும் தாராளமாகப் பயன்படுத்துங்கள்; கற்பூரப் புட்டியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்; இம்பெபோ இலைக்கட்டினை, அதை எரிக்கத் தெரிந்த ஜூலு நண்பரிடம் காட்டி என்ன செய்யலாம் என்று கேளுங்கள். அட்டைகளையும் கையேட்டையும் நாங்கள் கடைக்கே திருப்பி அனுப்பிவிட்டோம். திறந்த பெட்டிக்குப் பணம் திரும்பத் தருவதில்லை என்பது கடையின் விதி, அதனால் வாங்குமுன் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.